சண்டியனுக்கு அம்மாள் வந்தபோது

என் செல்லத் தம்பிக்கு,

நீ மலாயாவிலிருந்து கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாயே, அந்தச் சண்டியன் இன்று காலையில் மூன்று நுளம்புப் புழு தின்றான். இந்தச் செய்தியைச் சொல்ல எனக்கு உன்னை விட்டால் ஆளில்லை. சொல்லிவிட்டு அழவும் ஆளில்லை.

உன்னை அடக்கம் செய்து ஏழு மாதமாகிறது. உன் சட்டைகளையெல்லாம் அம்மா சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டார். உன்னுடையதென்று உயிரோடு மிஞ்சியது, கண்ணாடிப் போத்தலுக்குள் நீந்துகிற அந்தப் பெருவிரல் நீளச் சிவப்பு மீன் ஒன்றுதான். சியாம் தேசத்துச் சண்டை மீன், இரண்டை ஒன்றாய் விட்டால் ஒன்று சாகும்வரை மோதும் என்று எத்தனை பெருமையாகச் சொன்னாய்! வாவி நிறைய மீன் கிடக்கிற ஊருக்குக் கப்பலேற்றி மீன் கொண்டுவந்த மனிதன் நீ ஒருவன்தான். களுதாவளையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மார்கழி மழை பிடித்ததும் அவன் சோர்ந்துபோனான். முதலில் இரை எடுக்கவில்லை. விரித்துக் காட்டுகிற செட்டைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டான். போத்தல் சுவரில் முதுகைத் தேய்த்தான். செவுள் படபடவென்று அடித்தது. மூன்றாம் நாள் பார்க்கிறேன், தலையிலும் வாலிலும் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள்.

அம்மா போத்தலைக் கண்டதும் கைகூப்பினார். “இஞ்ச பார் மகள், முத்துப் போட்டிருக்கு கா. இவனுக்கும் அம்மாள் வந்திருக்கா.”

நான் ஓம் என்றேன். வேப்பங்குழை முறித்துப் போத்தலைச் சுற்றிக் கட்டினேன். வாசல் கடப்பிலும் கட்டினேன். மஞ்சள் கரைத்துத் தண்ணீரில் விட்டேன். சூடு ஆகாதென்று போத்தலை அடுக்களையிலிருந்து தூக்கித் தண்ணீர்ச் சாடி இருக்கிற மூலையில் வைத்தேன். காலையும் மாலையும் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர் மாற்றினேன். தாளிப்பதையும் பொரிப்பதையும் நிறுத்தினோம். ஒரு மீனுக்கு அம்மை என்று மீன் பொரிக்காமல் இருந்த வீடு உலகத்தில் வேறு இருக்குமா, நீயே சொல்லு. அவனோ நாளுக்கு நாள் கறுத்து, போத்தலின் அடியில் ஒருபக்கமாய்ச் சாய்ந்து கிடந்தான்.

ஆறாம் நாள் மத்தியானம் புடவை விற்கிற காத்தான்குடிக் காக்கா வந்தார். பினாங்கில் பத்து வருஷம் இருந்தவர். குழையைக் கண்டு கடப்புக்கு வெளியிலேயே நின்று, ஆருக்கு அம்மாள் என்று கேட்டார். மீனுக்கு என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. போத்தலைக் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“இது அம்மாளுமில்ல, ஒண்டுமில்ல தங்கச்சி. குளிர் பட்டா இந்த மீனுக்கு வாற வருத்தம். நீங்க குளிர வெச்சு வெச்சுத்தான் கூட்டியிருக்கிறீங்க. இது வெக்கைச் சீமை மீன். சூடு வேணும் இதுக்கு.”

“இப்ப என்ன செய்யிற காக்கா?”

“ஒரு சிட்டிகை கறியுப்பத் தண்ணியில கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. அடுப்படிக்குக் கிட்ட வெச்சுத் துணியால மூடுங்க. தண்ணிய முழுக்க மாத்தப்படாது, கால்வாசிதான். ஊத்திற தண்ணியும் அதே சூட்டில இருக்கணும். புள்ளி போனாப் பிறகும் நாலஞ்சு நாளைக்கு இத நிறுத்தப்படாது. இந்த மீனுக்குக் காஞ்ச வாதுமை இலை ஒண்டு போடுவாங்களே, உள்ள கிடக்கல்லயா?”

“தம்பி போட்டு வெச்சவன். தண்ணி தேத்தண்ணி நிறமாப் போச்செண்டு நான்தான் எடுத்து எறிஞ்சிட்டன்.”

“சரி, இன்னொண்டப் போடுங்க. ஏன் தங்கச்சி, இத முதல்லயே ஆரிட்டயாவது கேட்டிருக்கலாமே?”

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு நீ காய்ச்சலில் கிடந்த நாட்கள்தான் கண்முன் வந்தன.

நீ வைகாசியில் வந்து இறங்கியபோது கோயில்களில் அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்திச் சடங்குக் காலம். ஐந்தாம் நாள் உனக்குக் காய்ச்சல். கழுத்திலும் நெஞ்சிலும் பொரிப்பொரியாய் இருந்தது. கப்பல் வெக்கையில் போட்ட வேர்க்குரு என்று நீயே சொன்னாய். அம்மா கேட்கவில்லை, குழை கட்டினார். எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயா கேள்விப்பட்டு சைக்கிளில் வந்தார். அம்மாள் இருக்கிற வீட்டுக்குள் வெளியாள் வரக்கூடாதென்று கடப்படியில் கையை விரித்து மறித்து நின்றவள் நான்.

“ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுங்குதா பிள்ள?” என்று கேட்டார்.

“ஓம்.”

“அப்ப இது அம்மையில்ல, மலேரியாக் குளிர்காய்ச்சல். கொயினாக் குளிசை குடுத்தாக் கேக்கும். நான் எட்ட நிண்டு பாத்திட்டுப் போறன்.”

நான் விடவில்லை. மருந்து கொடுத்தால் அம்மாள் கோபிப்பா என்றேன். அவர் குளிசைகளை ஒரு தாளில் சுற்றி நீட்டினார். அதையும் நான் வாங்கவில்லை. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குள்ளே நீ பல்லுக் கிடுகிடுக்க, “குளிருதக்கா, போர்வையத் தா” என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் வந்து வேப்பங்குழையால் உனக்கு விசிறினேன். இளநீர் பருக்கினேன். நீ என்ன பாவம் செய்தாய், தம்பி, எனக்குத் தம்பியாகப் பிறக்க?

காக்கா சொன்னபடியே சண்டியனுக்குச் செய்தேன். நாலாம் நாள் புள்ளிகள் குறையத் தொடங்கின. எட்டாம் நாள் செட்டையை விரித்து என்னைப் பார்த்துச் சீறினான். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவன் செத்திருந்தால் எல்லாம் விதி என்று சொல்லி நானும் ஆறியிருப்பேன். ஒரு சிட்டிகை உப்பும் அடுப்படிச் சூடும் அவனுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. உனக்கு எத்தனை குளிசை போதுமாக இருந்திருக்கும்? அந்தத் தாளுக்குள் எத்தனை இருந்தன? நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையே.

அம்மா மட்டும் தெளிந்த முகத்தோடு இருக்கிறார். “பாத்தியா கா, அம்மாள் இறங்கிட்டா. இவன விட்டுட்டா. என்ட மகன அவவுக்குப் பிடிச்சுப்போச்சு, தன்னோட கூட்டிப் போயிட்டா” என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். அந்த நினைப்பில்தான் அவருக்கு ஒரு வாய் சோறு இறங்குகிறது. உப்புப் போட்டதை நான் அவரிடம் சொல்லவில்லை. அப்போதிக்கரி ஐயா வந்து போனதும் அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அம்மா உன் கால்மாட்டில் இருந்தார். கடப்படியில் நான் மட்டும்தான் நின்றேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், தம்பி. இனி இந்த வளவில் யாருக்கு உடம்பு சுட்டாலும் நானே ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். ஆனால் அம்மா இருக்கும்வரை நடந்தது அவர் காதில் விழாது. அவருக்கு வாசிக்கத் தெரியாது, அதனால்தான் வாயால் சொல்லாமல் எழுதுகிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ உடனே தந்துவிடுவாய்.

வாசலுக்கு வந்த மருந்தைத் திருப்பி அனுப்பிய
உன் அக்கா