ஓட ஓட ஏறும் டீசல்

பாலவாக்கம்
4 ஜூன் 2024

அன்புள்ள காஷிஃப் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவீர்கள். அதனால்தான் மெயில். குறுக்கே பேச முடியாது.

சித்தப்பா மகன் ரெஹான் உங்களிடம் சொன்னது பாதி உண்மை. திருவான்மியூர் தாண்டினால் பிக்கப் வண்டியின் ஹீட் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. "எஞ்சின் செத்துப்போச்சுக்கா, எங்கிட்ட தள்ளிவுட்டுடு" என்கிறான். தள்ளிவிடுவதாக இல்லை. பதினைந்து வருட வண்டிதான், உங்கள் பெயரில் இருப்பதுதான். ஆனால் ஒன்பது வருடமாக ஓட்டுவது நான். அது போனால் என் செடி நர்சரியும் போயிற்று. மண் மூட்டையை அடையாறு மொட்டைமாடிகளுக்குத் தலையிலா சுமப்பேன்?

ஒரு வாரம் கொடுங்கள். என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கிறேன்.

அன்புத் தங்கை,
ஷகீலா

*

மஸ்கட்
6 ஜூன்

அன்புத் தங்கைக்கு,

வ அலைக்கும் ஸலாம். முழங்கால் வலி தேவலையா? அண்ணி விசாரித்தாள்.

ரெஹானிடம் வார்த்தை கொடுத்துவிட்டேன். 20ஆம் தேதி வந்து வண்டியை எடுத்துக்கொள்வான். நடுரோட்டில் புகை கிளப்பிக்கொண்டு நீ நிற்க வேண்டாம். நாற்பத்தைந்து வயதில் பெண்பிள்ளைக்கு எதற்கம்மா லோடு அடிக்கிற வேலை? வீட்டில் உட்கார்ந்து டியூஷன் எடு. ஃபிசிக்ஸ் படித்தவள்தானே.

காஷிஃப்

*

பாலவாக்கம்
12 ஜூன்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஃபிசிக்ஸை ஞாபகப்படுத்தியதற்கு நன்றி. அது உதவியது.

ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை. ஆவியும் இல்லை, கருகல் வாடையும் இல்லை. இத்தனை நாளும் ஹீட் முள்ளையே பார்த்துப் பயந்துகொண்டிருந்தவள், நேற்றுத்தான் பக்கத்து முள்ளைப் பார்த்தேன். திருவான்மியூரில் கால் டேங்க் காட்டிய டீசல், மயிலாப்பூர் போனபோது முக்கால் டேங்க்! ஓட ஓட டீசல் ஏறும் வண்டி எங்காவது உண்டா? ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு முள்ளும் சேர்ந்து இன்னும் எகிறின. அப்படியென்றால் கெட்டது எஞ்சின் இல்லை, இரண்டு முள்ளுக்கும் பொதுவான ஏதோ ஒன்று.

சிந்தாதிரிப்பேட்டை மெக்கானிக் மெஹபூப் அலியிடம் போய் டாஷ்போர்டைக் கழற்றச் சொன்னேன். "இன்னாம்மா, எஞ்சினு கொதிக்குதுன்ற, மீட்டர பிரிக்கச் சொல்ற?" என்று சிரித்தார். பிரித்தோம். மீட்டரின் எர்த் ஒயர் திருகிலிருந்து நழுவி, பட்டும் படாமலும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் திருகில் புதிதாக இன்னொரு ஒயர். போன மாதம் ரெஹான் ஆசையாக மாட்டிக்கொடுத்த ஸ்டீரியோவுடையது. தெரிந்து செய்தானா, அவசரத்தில் செய்தானா, நான் கேட்கப்போவதில்லை.

எர்த் சரியாகப் படாவிட்டால் இரண்டு முள்ளும் பொய்யாக ஏறும். சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினோம். ஹீட் முள் நடுவிலேயே நிற்கிறது. எஞ்சின் சூட்டைத் தனியாகவும் அளந்து பார்த்துவிட்டு, "வண்டி இன்னும் பத்து வருசம் ஓடும், நீதான் டயர்டு ஆவணும்" என்றார் அலி பாய்.

ஆகவே ரெஹானை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஷகீலா

*

மஸ்கட்
15 ஜூன்

ஷகீலா,

எஞ்சின் நன்றாக இருப்பதில் சந்தோஷம். ஆனால் கொடுத்த வார்த்தை கொடுத்ததுதான். சொந்தத்தில் என் மரியாதை என்ன ஆவது? 20ஆம் தேதி சாவியைக் கொடுத்துவிடு.

காஷிஃப்

*

பாலவாக்கம்
20 ஜூன்

அண்ணனுக்கு,

ரெஹான் காலையில் வந்தான். சாவியைக் கொடுக்கவில்லை.

"இன்னாக்கா, அண்ணனே சொல்ட்டாரு, இன்னும் புடிச்சிக்கினு கீற?"

"அவர் குடுத்தது வார்த்தைதானே? மஸ்கட்டுக்குப் போய் வாங்கிக்கோ. வழிய விடு, லோடு நிக்குது."

கேட்டுக்கு வெளியே ரொம்ப நேரம் நின்றான். நான் வண்டியை எடுத்ததும் ஒதுங்கிக்கொண்டான்.

வண்டி கெட்டுப்போனதால் கேட்கிறீர்கள் என்றுதான் ஒரு வாரம் கோளாறைத் துருவிக்கொண்டிருந்தேன். நன்றாயிருக்கிறது என்று நிரூபித்த பிறகும் கேட்கிறீர்கள். இனி நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை அண்ணா. கொடுக்க மாட்டேன், அவ்வளவுதான்.

ஆர்.சி. புத்தகம் உங்கள் பெயரில் இருக்கிறது. போலீசில் சொல்ல வேண்டுமானால் சொல்லுங்கள். தேடி அலைய வேண்டியதில்லை: காலை ஏழரைக்கு மயிலாப்பூர் குளக்கரை, ஒன்பது மணிக்கு அடையாறு பஸ் டிப்போ பக்கம், மதியம் தி.நகர். ஒளித்துவைக்க மாட்டேன்.

நீங்களே வருவதாக இருந்தால் மட்டும் முந்தின நாள் சொல்லுங்கள். பக்கத்து சீட்டில் இருக்கும் நாற்றுத் தட்டுகளைப் பின்னால் மாற்றிவைக்கிறேன்.

ஷகீலா