வலது ஷூவைப் பறித்ததாக நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல்

அனுப்புநர்:
மருத்துவமனைத் துணிப்பிரிவுத் தையல்காரர்,
கால்பந்து பழகும் பதினொரு வயதுச் சிறுமியின் தாய்.

பெறுநர்:
விளையாட்டு அலுவலர் அவர்கள்,
நகராட்சி மைதான அலுவலகம்.

பொருள்: கால்பந்துப் பயிற்சியாளரை மீண்டும் பணியில் அமர்த்த வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் மூன்றாம் தேதி நானே கொடுத்த புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் புகாரின் மேல் நான்கே நாளில் பயிற்சியாளரை நிறுத்தி வைத்து நடவடிக்கை எடுத்தீர்கள். நன்றி. அவ்வளவு வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இம்மனுவுக்கும் அதே வேகத்தைக் காட்டும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2. புகாருக்கு முந்தின நாள் வேலை முடிந்து மகளை அழைத்துப்போக மைதானத்துக்கு வந்தேன். பம்பு அறைச் சுவரில் அவள் தனியாகப் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். இடது காலில் ஷூ, வலது காலில் ஒன்றுமில்லை. அந்த ஷூ பயிற்சியாளரின் வாளியில் கிடந்தது. தண்டனை என்று நினைத்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

3. அது தண்டனை அல்ல, பாடம் என்று கோல்கீப்பர் பையனின் அப்பா பிறகு விளக்கினார். வெறும் காலால் ஓங்கி அடித்தால் விரல் வலிக்கும். அதனால் பிள்ளைகள் தாமாகவே இடது காலுக்கு மாறுவார்களாம். மற்ற பதின்மூன்று பேரும் சுவரின் அடுத்த பக்கத்தில் இதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை. வாளியில் பதினான்கு ஷூக்கள் இருந்தும் என் கண்ணில் பட்டது ஒன்றுதான்.

4. இப்போது பயிற்சியாளர் இல்லாமல் பதினான்கு பேரும் ஒரே பந்தின் பின்னால் ஓடுகிறார்கள். சென்ற சனிக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணினேன். என் மகளின் காலில் பந்து ஒன்பது தடவை பட்டது. அதில் இரண்டு தடவை அதுவாக வந்து பட்டது. முன்பு ஆளுக்கொரு பந்து இருந்தது. நிறுத்துவது, உருட்டுவது, திருப்புவது என்று ஒவ்வொரு பிள்ளையின் காலையும் அவர் தனித்தனியாகப் பார்த்துத் திருத்துவார்.

5. எதைச் சொன்னாலும் "எனக்கு வராது" என்பவள் என் மகள். ஒரு நாள் நாற்காலிக் கால்களுக்கு நடுவே பந்தை வளைத்து ஓட்டிவிட்டு, "அம்மா, இது முந்தாநாள் எனக்கு வரல, இப்ப பாரு" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் பயிற்சியாளருக்கு ஆயுள் முழுக்க நன்றி சொல்லலாம். நான் செய்த கைம்மாறு தங்கள் கோப்பில் இருக்கிறது.

6. மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். "பிள்ளை அப்படி நிக்கறதப் பாத்தா யாருக்கும் மனசு பதறும்க்கா. நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்று தண்ணீர் கொடுத்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன்.

7. வரும் இருபதாம் தேதி அவர் பெயர் நீக்கப்படும் என்று அறிவிப்புப் பலகையில் உள்ளது. அதற்குள் என் புகாரை ரத்து செய்து அவரைத் திரும்ப அழைக்க வேண்டுகிறேன். தவறு யாருடையது என்று கோப்பில் எழுதியே ஆக வேண்டுமென்றால் என் பெயரை எழுதுங்கள்.

8. "அவங்க மேல யாரும்மா எழுதிக் குடுத்தது?" என்று மகள் தினமும் கேட்கிறாள். தெரியாது என்று சொல்லி வருகிறேன். தங்கள் உத்தரவு கையில் இருந்தால், அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடுவேன்.

நாள்: பதினான்காம் தேதி, புதன்கிழமை
இடம்: மைதான அலுவலக வாசல்

பணிவுடன்,
(ஒப்பம்)
புகார் கொடுத்த தாய்