கோடாலித் தைலம்

கிள்ளான், 1986

அத்தானுக்கு,

தொண்டைக் குழாயை எடுத்ததும் நீங்கள் முதலில் கேட்டது, "மிஸ்ஸி எங்க?" நீங்கள் தேடியது நர்ஸை; பக்கத்தில் நின்றவள் நான். அதனால்தான் நேற்று உங்களைப் பார்க்க கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறவில்லை.

நீங்கள் மூச்சு மெஷினில் கிடந்தபோது, தினமும் உங்கள் நெஞ்சில் கோடாலித் தைலம் தேய்த்தேன். அந்த ரமணி மிஸ்ஸி துடைத்துவிடுவாள். "இந்த வாசனையில சளி வாடை தெரியாது லா, அக்கா." குழாயில் உறிஞ்சிய சளியை அவள் முகர்ந்து பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு காலை, "வாடை மாறிடுச்சு, டாக்டர்" என்றாள். உடனே மருந்து ஏற்றினார்கள். எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்தது மறுநாள்தான்.

இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவள் நான். உங்கள் வாடை மாறியது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நாளை முறுக்கோடு வருகிறேன். அவளுக்கு நானே கொடுத்து, நானே நன்றி சொல்லிக்கொள்கிறேன். அப்போது நீங்கள் கண்ணை மூடிப் படுத்திருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி