ஒன்பதை முதலில் ஆடியவள்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவியும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் என் எண்ணம், நடுவில் வருவதைப் படித்துவிட்டு அதைச் சந்தேகப்படாதே. போனில் பேசலாமே என்பாய். போனில் உன் பேச்சு முடிந்ததும் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் கீழே வைத்தாலும் அது மேஜைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. படி ஏறும்போது மட்டும்தான் என்கிறாள், ஆனால் நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் நின்றுபோய்க் கிடக்கிறது. வேலையில் இருந்த காலமெல்லாம் ஊரார் லிஃப்டைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவன் வீட்டு லிஃப்ட் ஓடவில்லை என்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா என்னைக் கண்டாலே சிரிக்கிறாள். பாப்பாவுக்கென்று அம்மா வாங்கி வைத்த கவுன் இனிப் பத்தாது என்று போட்டோவைப் பார்த்தே கண்டுபிடித்து, அடுத்த அளவில் ஒன்று வாங்கியிருக்கிறாள். பழையதையும் யாருக்கும் கொடுக்கவில்லை, இரண்டையும் சேர்த்து மடித்து வைத்திருக்கிறாள். அதைப் பார்க்க மாட்டாமல் நான் அந்த அலமாரிப் பக்கமே போவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போனில் ஒரு நிபந்தனை போட்டாய். உன் முதல் மனைவி, அதாவது என் மருமகள், இனி கிளப்பில் என்னோடு ஜோடி சேர்ந்து பிரிட்ஜ் ஆடக் கூடாது, இந்த வீட்டு வாசலையும் மிதிக்கக் கூடாது. அது நின்றால்தான் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவாய். நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று வேறு கேட்டாய். அந்த நாலு பேரும் பேசிப் பேசிச் சலித்து வேறு வீட்டு விஷயத்துக்குப் போய் வெகுநாள் ஆகிறது. வேலை கிடைத்துப் போனபோது, வீடு பார்த்ததும் உன்னைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனவன் நீ. கடைசியில் அவளைக் கூப்பிட்டது வக்கீல். சனிக்கிழமைதோறும் எனக்கு எதிரே நீ உட்கார்ந்த நாற்காலி காலியாகக் கிடந்தபோது, மாமா நான் உட்காரட்டுமா என்று கேட்டு வந்தவள் அவள். முதலில் அவள் ஆட்டம் சரியான கழுத்தறுப்பு. நான் கத்தாத நாள் இல்லை. அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இன்றைக்குக் கிளப்பில் அவளுக்கு எதிராக ஆடவே ஆட்கள் யோசிக்கிறார்கள்.

இந்தச் சனிக்கிழமை இறுதி ஆட்டம் நடந்தது. என் கடிதங்களை உன் மனைவிதான் சத்தமாகப் படிப்பாளாமே, அவளுக்குச் சீட்டு தெரியாது, அதனால் அவளுக்காக விளக்கமாகவே எழுதுகிறேன். அம்மாடி, உன்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, நீ பாட்டுக்குப் படி. பிரிட்ஜில் எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு ஜோடி. ஜோடியில் ஒருவர் ஆடும்போது மற்றவர் தன் சீட்டையெல்லாம் மேஜையில் விரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், அவற்றையும் ஆடுகிறவரே இறக்குவார், அப்படி விரித்தவருக்குப் பெயர் டம்மி. ஒரு சுற்றில் பெரிய சீட்டு எந்தப் பக்கத்திலிருந்து விழுந்ததோ பிடி அதற்கு, அடுத்த சீட்டும் அங்கிருந்துதான் இறங்க வேண்டும். அன்று டம்மி நான். இஸ்பேடில் நாலு பிடியும் எங்களுக்கே வந்தால் கோப்பை, ஒன்று போனாலும் போச்சு. அவள் கையில் ஏஸ், ராணி, பத்து, நாலு. டம்மியில் ஜாக்கி, ஒன்பது, மூன்று. ராஜா மட்டும் வெளியே, எனக்கு இடப்பக்கம் இருந்த பல் டாக்டரிடம். எத்தனை பிடி எடுப்போம் என்று ஆட்டத்துக்கு முன் கேட்கும் ஏலத்தில் அவர் குதித்த குதியிலேயே அது தெரிந்துவிட்டது. அவர் ராஜாவைக் கட்டிப்போட வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் டம்மியிலிருந்துதான் சீட்டு இறங்க வேண்டும், மூன்று தடவையாவது. ஆனால் டம்மிக்குப் போக அவளுக்கு இருந்தது ஒரே வழி, என் டைமன் ஏஸ். போனால் போனதுதான், ஆட்டம் அவள் கைக்குத் திரும்பிவிட்டால் மறுபடி போக முடியாது.

இதே சீட்டுகள் முன்பு ஒரு இறுதி ஆட்டத்தில் உனக்கும் வந்தன, ஞாபகம் இருக்கிறதா? நீ டம்மிக்குப் போனதும் ஜாக்கியை எடுத்து மேஜை அதிர அடித்தாய். அது ஜெயித்தது, நீயும் நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்தாய். அடுத்து ஒன்பதை இறக்கியபோது உன் கையில் அதைவிடச் சின்னச் சீட்டு இல்லை, உன் பத்தே உன் ஒன்பதை அடித்துப் பிடியைக் கைக்கு இழுத்துக்கொண்டது. டம்மிக்குத் திரும்ப வழியில்லை, ராஜா பிழைத்துக்கொண்டது, கோப்பை போயிற்று. நீ என்ன சொன்னாய் தெரியுமா, உங்க டம்மி சரியில்லப்பா என்றாய். வேலையிடத்தில் வருகிறவர்களையெல்லாம் மூச்சைப் பிடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுக்கும் என் மருமகள், இந்தச் சனிக்கிழமை தானே மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சீட்டுகளைப் பார்த்தாள். பிறகு ஒன்பதை முதலில் ஆடினாள், அடியில் நாலைப் போட்டாள். ஒன்பது நின்றது. அடுத்து ஜாக்கி. அதன் அடியில் கொஞ்சமும் யோசிக்காமல் தன் பத்தைத் தூக்கிப் போட்டாள், நல்ல சீட்டு, குப்பை மாதிரி. அதனால் ஆட்டம் இன்னும் டம்மியிலேயே நின்றது, மூன்றை இறக்கி ராணியால் பிடித்தாள், கடைசியில் ஏஸைப் போட்டதும் பல் டாக்டரின் ராஜா தலை குனிந்து வந்து விழுந்தது. டாக்டர், அடிப்பாவி என்றார், அப்புறம் அவரே எழுந்து கைதட்டினார்.

கோப்பையை வாங்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கும்போது, மாமா, அடுத்த வாரத்துலேர்ந்து வேற ஜோடி பாத்துக்கோங்க என்றாள். விளையாடாதேம்மா என்றேன். அவர் எனக்கு போன் பண்ணினார் மாமா, நான் இருக்கிற வரைக்கும் பாப்பா இங்க வராதாம், நானே விலகிட்டதா உங்ககிட்ட சொல்லணுமாம், எனக்குத்தான் உங்ககிட்ட பொய் வரலை என்றாள். உங்களுக்கு அந்தக் குழந்தைகிட்ட போக ஒரே வழிதான் இருக்கு, அதை என்னால வீணாக்காதீங்க என்றாள். அவள் அழாமல்தான் சொன்னாள். அழுதது நான், படிக்கட்டில், கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. மேஜையில் பத்தைப் போட்டது போலவே தன்னையும் போட்டுவிட்டாள்.

ஏண்டா, என்னிடம் நிபந்தனை போட்டது பத்தாதென்று எனக்குத் தெரியாமல் அவளிடமும் போனாயே, உனக்கு வெட்கமாக இல்லையா? நான் பதில் சொல்லும் வரைக்கும்கூட உனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கும் ஜாக்கி, இன்றைக்கும் ஜாக்கி. பெற்ற குழந்தையை மேஜைமேல் அடித்துப் பெரிய சீட்டு என்று நினைத்துக்கொண்டாய். டம்மி பேசக் கூடாது என்பது ஆட்டம் முடியும் வரைக்கும்தான். பாப்பாவைத் தூக்க வேண்டும் என்று என் கை எவ்வளவு தவிக்கிறது என்று உனக்குத் தெரியும், தெரிந்துதான் அந்த இடத்தில் கையை வைத்தாய். நீ கூட்டி வராவிட்டால் நான் அவளைப் பார்க்காமலே போனாலும் போய்விடுவேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அடுத்த வருஷ ஜோடிப் பட்டியலில் என் பெயரோடு மருமகள் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் சண்டை போட்டாள், நான் அவளைவிட அதிகமாகப் போட்டேன். உன் அம்மா இதைக் கேட்டு, பேத்தியைவிட சீட்டுக்கட்டு பெருசாப் போச்சா உங்களுக்கு என்று என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பேசாமலேதான் இன்று காலை, சனிக்கிழமை ஆட்டத்துக்கு எனக்கும் மருமகளுக்கும் காபி ஊற்றித் தரும் பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்தாள். பக்கத்தில், எப்போதும் போல, இரண்டு டம்ளர் இருந்தன.

உன் மனைவிக்கும் பாப்பாவுக்கும் எங்கள் ஆசீர்வாதம். உனக்கும்தான், கோபத்திலும் அதை நிறுத்தி வைக்க எனக்குத் தெரியவில்லை. குளிரில் பாப்பாவை வெளியே தூக்கிப்போனால் காதை மூடு. நேரத்துக்குச் சாப்பிடு. வரத் தோன்றினால் சொல்லாமல்கூட வா, அம்மா கதவைத் திறப்பாள், கவுன் தயாராக இருக்கிறது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. சனிக்கிழமை வந்தால் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். நானும் என் மருமகளும் ஆட்டம் முடிந்துதான் வீட்டுக்கு வருவோம்.

இப்படிக்கு,
உன் அப்பா