மார்யுனின் தோல்

கிராஸ்விக்,
டிசம்பர் 18

அன்புள்ள மார்யுன்,

நலம். நீயும் நலமென்று நேற்று துறைப் பாறையில் நீ படுத்திருந்த சொகுசிலேயே தெரிந்தது. படகு கவிழ்ந்து கடல்நாயான பிறகு சற்றுப் பூசினாற்போல் ஆகிவிட்டாய், பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி ஆறாம் தேதி இரவு நீங்களெல்லாம் தோலைக் கழற்றிவிட்டு மனிதராகலாம் அல்லவா? அன்றைக்காவது என் மனைவியாக நம் வீட்டுக்கு வா. பக்கத்து வீட்டு ஹானுஸ், "தோலைப் பெட்டியில வச்சுப் பூட்டிரு, ஹெய்னி. தோலில்லாம கடலுக்குத் திரும்ப முடியாது. எங்க பெரியப்பா அப்படித்தான் கடல்நாய்ப் பொண்டாட்டிய கடைசி வரைக்கும் வச்சிருந்தார்" என்கிறான். அந்த அம்மாள் கடைசி வரைக்கும் கடலைப் பார்த்த ஜன்னலை விட்டு நகரவில்லை என்பதை அவன் சொல்வதில்லை. நான் பூட்ட மாட்டேன்.

உன் ஹெய்னி

பாறை,
டிசம்பர் 22

அன்புள்ள ஹெய்னி,

உன் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். இங்கே காகிதம் கிடைப்பதில்லை. கையெழுத்தைப் பொறுத்துக்கொள், விரல்கள் ஒட்டிவிட்டன.

வருகிறேன். ஆனால் விடிவதற்குள் தோல் என் கைக்கு வந்துவிட வேண்டும். வசந்தத்தில் எங்கள் கூட்டம் வடக்கே ஆழ்கடலுக்குப் போகிறது. நான் பார்க்காத கடல். நீ தடுத்தால் உன்னோடு இருப்பேன்; பேச மாட்டேன்.

காய்ந்த ஆட்டிறைச்சி எடுத்து வை.

மார்யுன்

கிராஸ்விக்,
ஜனவரி 8

அன்புள்ள மார்யுன்,

நான் பூட்டவில்லை என்பதை நீயே பார்த்தாய். ஈரத் தோலைத் தரையில் போட மனம் வராமல், இறைச்சி தொங்கும் காற்றுக் கொட்டகையில் மாட்டினேன். இந்த ஊரில் நனைந்தது எதுவானாலும் அங்கேதானே மாட்டுவோம். அன்றைக்கென்று வடகாற்று. இப்படிச் சுருங்கும் என்று நினைக்கவில்லை.

விடியற்காலையில் அதற்குள் நுழைய நீ பட்ட பாட்டை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. நான் முதுகுப்பக்கம் இழுத்துவிட்டபோது நீ அழுதாயா, சிரித்தாயா?

உன் ஹெய்னி

பாறை,
ஜனவரி 15

அன்புள்ள ஹெய்னி,

தோளில் பிடிக்கிறது. ஆழத்துக்குப் போனால் மூச்சு முட்டுகிறது. "யாரோட குட்டித் தோல மாட்டிக்கிட்டு வந்திருக்க?" என்று எங்கள் மூத்தவள் கேட்டாள், கூட்டமே சிரித்தது. வடக்கே என்னை அழைத்துப் போக மாட்டார்களாம். தோல் தளரும் வரை எனக்கு இந்த விரிகுடாதான்.

சின்ன வயதிலிருந்து அந்தக் கொட்டகையில் இறைச்சி காயப்போடுகிறாய். காற்று எதையும் பாதியாக்கிவிடும் என்பது உனக்குத் தெரியும். அன்று வாசலில் என்னை வரவேற்கும்போதே, "வடகாத்து கிளம்பிருச்சு, உள்ள வா" என்றவனும் நீதான்.

இதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. நீயும் எழுதாதே. எழுதினால் நான் நம்ப வேண்டும், அல்லது நம்பாமலிருக்க வேண்டும். இரண்டுக்கும் எனக்கு இப்போது தெம்பில்லை.

ஆழத்துக்குப் போகாமல் மீன் அகப்படுவதாக இல்லை. நாளை படகில் நீயே மீன் கொண்டு வா. நிறைய.

உன் மார்யுன்