ஓரத்தில் குத்திய ஆணி

மூத்தவளின் அப்பாவுக்கு,

வணக்கம். கடவுள் துணையால் இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் பேசினால் 'சரி, பார்க்கலாம்' என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். விடுப்பில் வந்த உங்கள் கம்பெனி ஸ்டோர்க்காரர் நாளை கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மாமாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. குளியலறையில் பிடித்துக்கொள்ளத் தச்சரைக் கூப்பிட்டு ஒரு கைப்பிடிக் கட்டை அடித்துவிட்டேன். முதலில் 'நான் என்ன கிழவனா' என்று முறைத்தார். இப்போது அதைப் பிடித்துக்கொண்டு பாட்டே பாடுகிறார். மூத்தவள் ஒழுங்காகப் படிக்கிறாள். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவுக்குக் காட்ட வேண்டுமென்று தீப்பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். அதைத் திறந்து பார்க்க யாருக்கும் அனுமதி கிடையாது.

அடுத்த செய்திக்குப் பதற வேண்டாம். முற்றத்தில் நிற்கிற உங்கள் கார் வண்டியின் டயர் பங்க்சர். முன்பக்கத்து டயர். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, கோபித்துக்கொண்டு சாப்பிட வராதவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

நிற்கிற வண்டி எப்படிப் பங்க்சர் ஆகும் என்று கேட்பீர்கள். உங்கள் தம்பியும் அதைத்தான் கேட்டார். "நிக்கிற வண்டியைப் பங்க்சர் ஆக்குன ஒரே ஆளு நீங்கதான் அண்ணி" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நடந்தது இதுதான். வாரம் ஒருமுறை இன்ஜினைப் போட்டு நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் வண்டியோடு வந்த புத்தகத்தை அகராதி வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். ஒரே இடத்தில் வெகுநாள் நின்றால் பாரம் ஒரே பக்கத்தில் இறங்கி டயர் கெட்டுவிடும் என்று அதில் போட்டிருக்கிறது. படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்க வைப்பது போல என்று எனக்குப் புரிந்தது. அதனால் வாரா வாரம் முற்றத்துக்குள்ளேயே முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை, புத்தகமும் பயமும்தான். வாசல் கேட்டைத் தாண்டியதில்லை. தச்சர் சிந்திவிட்டுப் போன ஆணி அந்த இத்தனூண்டு இடத்துக்குள் காத்திருந்தது என் தலையெழுத்து.

பங்க்சர்க்காரர் வீட்டுக்கே வந்தார். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நடுவுல குத்தியிருந்தா கண்ணை மூடிட்டு ஒட்டித் தருவேன்மா. இது ஓரத்துல குத்தியிருக்கு. ஒட்டலாம், ஊருக்குள்ள ஓட்டுனா நிக்கும். நெடுந்தூரம் போய் சூடு ஏறிச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்று சொன்னார். ஸ்டெப்னியைக் கழற்றினால் அது பாத வெடிப்பு மாதிரி வெடித்துக் கிடக்கிறது. நீங்கள் போன நாளிலிருந்து அதற்கு யாரும் காற்று அடிக்கவில்லை.

இந்தப் பள்ளி விடுமுறைக்கு வருகிறேன், எல்லோரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலே உங்கள் அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தீர்கள். அது நெடுந்தூரம். ஆகவே நீங்கள் வருவதாக இருந்தால் புது டயர் போட வேண்டும். வரவில்லையென்றால் ஒட்டு போதும். கணக்கு நோட்டில் வண்டிச் செலவை எப்போதும் 'அவர்' என்ற தலைப்பில்தான் எழுதுவேன். அந்தப் பக்கம் ரொம்ப நாளாக வெறுமையாக இருக்கிறது. ஒட்டா, புதுசா என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
மனைவி

---

மூத்தவளின் அப்பாவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

போன் செய்தீர்கள். மாமாவிடம் மழையைப் பற்றிப் பேசினீர்கள், பிள்ளைகளிடம் படிப்பைப் பற்றிப் பேசினீர்கள். கடைசியில் என்னிடம், "டயர் டயர்னு ஏன் உயிரை எடுக்கற, அது அப்படியே கிடக்கட்டும், தம்பி ஒரு ஆளைக் கூட்டிட்டு வருவான், வந்த விலைக்குத் தள்ளிவிட்டுடலாம்" என்று சொல்லி முடித்துவிட்டீர்கள். ஒட்டா, புதுசா என்றுதான் நான் கேட்டிருந்தேன். என் கேள்வியில் இல்லாத ஒரு பதிலைச் சொன்னீர்கள்.

அன்றிலிருந்து மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இந்த வண்டிக்குள் பிள்ளைகளை பிஸ்கட் தின்ன விட்டதில்லை நீங்கள். வண்டி துடைக்கிற துணியை நான் ஒருநாள் தெரியாமல் அடுப்படிக்கு எடுத்ததற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தீர்கள். அந்த மனிதர் வாயிலிருந்து 'தள்ளிவிட்டுடலாம்' என்று எப்படி வந்தது? பாலை அடுப்பில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போகிறேன். போன பிறகு எதற்கு வந்தோம் என்று நிற்கிறேன். டயரைக் குனிந்து பார்க்கிறேன். இறங்கிய காற்று இதற்கு மேல் இறங்காது என்று தெரிந்தும் பார்க்கிறேன். அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிடுகிறது.

உங்கள் தம்பி சொன்னபடி ஒரு தரகரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் வண்டியைச் சுற்றி வந்து டயரைக் காலால் ஒரு உதை உதைத்தார். "ஒரு கால் ஊனம், இதுக்கு நீங்க கேக்கற விலையா" என்று ஆரம்பித்தார். அதைக் கேட்டுக்கொண்டு மாமா ஊன்றுகோலோடு வெளியே வந்தார். முன்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டார். "எனக்கும் ஒரு கால் ஊனம்தான். என்னையும் சேத்து விலை சொல்லு" என்றார். தரகரும் லேசுப்பட்டவர் இல்லை. "பெரியவருக்குத் தனியா பேசணுங்க, பழைய மாடலு" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் தம்பிக்கு முகம் சிறுத்துப்போய், "அப்பா, மானத்தை வாங்காதீங்க, இறங்குங்க" என்று கெஞ்சினார். "என் பெரிய பையன் வந்து கதவைத் திறக்கட்டும், இறங்குறேன். அதுவரைக்கும் எனக்குச் சாப்பாடு இங்கயே கொடுத்து விடு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். தரகர் போய் வெகுநேரம் கழித்து, கால் மரத்துப்போய், நானும் மூத்தவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் இறக்கினோம். இறங்கிய பிறகும் என் கையை அவர் விடவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஸ்டோர்க்காரர் மனைவி வீட்டுக்கு வந்திருந்தாள். பேச்சோடு பேச்சாக, "அண்ணன் கம்பெனியில இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாராமேக்கா, எங்க வீட்டுக்காரரு சொன்னாரு" என்றாள். நான் முறுக்கிப் பிழிந்த துணியை உதறிக்கொண்டே, "ஆமா, தெரியுமே, என்கிட்ட கேட்டுத்தானே போட்டாரு" என்றேன். அந்தப் பொய்க்கு அன்று மாலையே கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சொல்ல வைத்ததற்கு நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

அது உண்மையா? உண்மையென்றால் டயரைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் புரிந்துவிடும். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த முறை போன் வேண்டாம். எழுதுங்கள்.

இப்படிக்கு,
மனைவி

---

மூத்தவளின் அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. கடிதம் என்று சொல்வது மரியாதைக்காக. 'ஆமாம். பிள்ளைகளுக்காகத்தான். புரிந்துகொள்' என்று மூன்றே வாக்கியம். புரிந்துகொண்டேன். மூன்று வருடம் கழித்து நீங்கள் வரும்போது பிள்ளைகள் பிள்ளைகளாக இருக்கமாட்டார்கள் என்பதை மட்டும் நீங்களும் புரிந்துகொள்ளுங்கள். சண்டைக்காக இதை எழுதவில்லை. அங்கே தனியாக ஒரு அறையில் நீங்கள் படும் பாட்டை நான் அறியாதவள் இல்லை. தினமும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் கண்ணை மூடிக் கைகூப்புகிறேன்.

இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது. புது டயர் போட்டுவிட்டேன். ஆணி குத்தியதை ஒட்டி, ஸ்டெப்னியாகப் பின்னால் வைத்துவிட்டேன். "ஒட்டுனதை நம்பி ஓட்டாதீங்க, ஆபத்து அவசரத்துக்கு வீடு வந்து சேர உதவும்" என்றார் பங்க்சர்க்காரர். நோட்டில் 'அவர்' பக்கத்தைத் திறந்தேன். எழுத வரவில்லை. 'வீடு' என்ற பக்கத்தில் எழுதிவிட்டேன்.

டயர் மட்டும் புதுசாக இருந்து என்ன பயன், ஓட்ட ஆள் வேண்டுமே. பெண்களுக்கு ஓட்டக் கற்றுத்தரும் ஒரு டீச்சரம்மா பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அவரிடம் போனேன். முதல் நாளே என்னை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "முதல் கியர்லயும் ரிவர்ஸ்லயும் நீங்க கில்லாடிம்மா. நடுவுல இருக்கறதைத்தான் காணோம்" என்றார். முற்றத்துக்குள் அவ்வளவுதானே இடம். இப்போது நடுவில் இருப்பதும் வந்துவிட்டது. லைசென்சும் வாங்கிவிட்டேன். உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் 'சரி, பார்க்கலாம்' என்பீர்கள் என்று பயந்தேன்.

முதலில் மாமாவைத்தான் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேட்டைத் தாண்டும்போது கடவுளை வாய்விட்டே கூப்பிட்டேன். மாமா, "அவரை எதுக்கும்மா தொந்தரவு பண்ற, பிரேக்கைப் பாரு" என்றார். தெருமுனைத் திருப்பத்தில், "உன் வீட்டுக்காரன் ஒரு தடவைகூட இந்தச் சுவத்துல உரசாம திரும்பினதில்ல" என்றார். நான் உரசவில்லை. இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி மூன்று வருட விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "டயருக்கு ஒரு பதில் சொல்ல வாய் வரல பாரு அவனுக்கு, அப்பவே தெரியும்" என்றார். பிறகு, "அக்காவை ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாமா" என்று கேட்டார். மாமா தன் மகளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். 'அக்கா' என்பது நீங்கள் சொல்லும் வார்த்தை. அதை அவர் சொன்னபோது, என்னையே நீங்கள் என்று நினைத்துவிட்டாரோ என்று திகைத்துவிட்டேன். விடுமுறைக்கு நாங்கள் மலைக்குப் போகிறோம். மெதுவாகத்தான் ஓட்டுவேன், பயப்படாதீர்கள். பிள்ளைகள் உள்ளே பிஸ்கட் தின்கிறார்கள். இறங்கியதும் பெருக்கிவிடுகிறோம்.

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் மாமாவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவர் சொன்னதை இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. அது உங்களிடம் நேரில் சொல்ல வேண்டியது. கையெழுத்துப் போட்டவர்களுக்கும் நடுவில் விடுப்பு உண்டாம், கேட்டால் கொடுப்பார்களாம். ஸ்டோர்க்காரர் மனைவியிடம் விசாரித்து வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டீர்களா என்று எனக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று. ஓட்டுகிற இருக்கையை என் கால் எட்டுவதற்காக நன்றாக முன்னால் இழுத்துவிட்டேன். இழுப்பதற்கு முன், அது உங்கள் காலுக்கு எங்கே இருந்தது என்று தெரிய வேண்டுமே என்று, பங்க்சர்க்காரர் விட்டுப்போன சுண்ணக்கட்டியால் கீழே இருக்கை நகருகிற இரும்புத் தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டேன். ஏறி இறங்குகிற காலடி மண் பட்டு அது மங்கிக்கொண்டே வருகிறது. மங்கும்போதெல்லாம் அதன் மேலேயே மறுபடி ஒரு கோடு இழுத்துவிடுகிறேன். சுண்ணக்கட்டி தேய்ந்து விரல்நுனி அளவுக்கு வந்துவிட்டது. கடையில் இன்னொன்று கிடைக்கும். வாங்க வைத்துவிடாதீர்கள்.

கடவுள் உங்கள் கூடவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டிலிருந்து,
உங்கள் மனைவி