பஸ்ஸில் வரும் ‘ப’

மார்ச் 4, 2025

இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது போன். “ஜெயலட்சுமி ஆன்ட்டிதானே? நான் லவினா, கிளிஃபர்ட் பொண்ணு.” அந்தப் பெயரைக் கேட்டு நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. பக்கவாதம் வந்து இரண்டு மாதமாக அவருக்குப் பேச்சே இல்லையாம். “உங்க ரேடியோ விளம்பரப் பாட்டை மட்டும் முனகறாரு ஆன்ட்டி. கூடப் பாடினா வார்த்தை வரலாம்னு டாக்டர் சொல்றாங்க. ஒருவாட்டி தொம்மலூர் வர்றீங்களா?”

பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். நான் எதுக்குப் போகணும்?

மார்ச் 5

1982. கல்யாணமாகி குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு வந்த புதிது. அல்சூர் புடவைக் கடை ஒன்றின் விளம்பரம். தமிழில் கணீரென்று பாடி முடித்தேன். கடைசி வரி கன்னடத்தில் வேண்டும் என்றார் முதலாளி. அம்மா வாங்க, அக்கா வாங்க — அவ்வளவுதான். கன்னடத்தில் ‘வாங்க’ என்பதற்கு ‘பன்னி’. பஸ்ஸில் வரும் ‘ப’. நானோ தமிழில் எழுதிவைத்துக்கொண்டு, பல்லில் வரும் ‘ப’வைப் போட்டுப் பாடினேன்.

“அம்மா பன்னி! அக்கா பன்னி!”

ஒரு வாரம் ஒலிபரப்பானது. ஜோகுபாளையமே சிரித்தது. காய் வாங்கப் போனால் பின்னால் உறுமினார்கள். அதன்பிறகு பாட யாரும் கூப்பிடவில்லை. அந்த வேலை மேல் எனக்கு எவ்வளவு ஆசை!

பதிவு செய்தவர் கிளிஃபர்ட். கன்னடம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தெரிந்துகொண்டே, சிரிப்பை அடக்கிக்கொண்டு “ஓகே” என்றாரே, பாவி!

மார்ச் 6

போகப் போவதில்லை.

மார்ச் 7

போனேன்.

நாற்காலியில் ஒடுங்கிக் கிடந்தார். வாய் ஓயாம பேசற மனுஷன், இப்படியா? திட்டுவதற்கென்று வழி நெடுக யோசித்து வைத்திருந்தது மறந்தே போச்சு. பாடினேன். இந்த முறை பஸ் ‘ப’தான், சுத்தமாக. இல்லை என்று தலையாட்டினார். மறுபடி பாடினேன். மறுபடியும் இல்லை. சரி போ என்று, வெட்கத்தை விட்டு, அன்றைக்குப் பாடிய மாதிரியே பாடினேன்.

உதடு கோணிக்கொண்டு, “பன்...னி” என்றார். பல்லில் வரும் ‘ப’.

லவினா ஓவென்று அழுதாள். நானும்தான்.

மார்ச் 19

தினமும் போகிறேன். இன்னும் அந்த ஒரே வார்த்தைதான். காபி வேண்டுமென்றாலும் பன்னி, வேண்டாமென்றாலும் பன்னி.

ஏப்ரல் 2

கேட்டைத் திறந்ததுமே என்னைப் பார்த்து “பன்னி” என்றார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “கன்னடமா, தமிழா?” என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் உதட்டை அசைத்துப் பார்த்தார்.

“ரெண்டும்.”